முருகேசன் முகம் போட்ட பனியன்

இந்தக் கிழவி கோபமாகப் பேசுகிறாளே என்று யாரும் நாற்காலியை விட்டு எழுந்து போக வேண்டாம். கோபமாகத்தான் பேசப் போகிறேன். இதமாகப் பேசுகிறவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அழைத்திருக்கலாம்.

காலையில் உங்கள் பட்டறையைச் சுற்றிக் காட்டினீர்கள். கம்ப்யூட்டரில் படம் வரைகிறீர்கள், இயந்திரம் தானே சுற்றிச் சுற்றி ஒவ்வொரு நிறமாக அடிக்கிறது. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அப்போது வாசலில் ஒருவர் வந்து நின்றார். மகளின் பள்ளி விளையாட்டு விழாவுக்காக உங்களிடம் வாங்கிய டீ-ஷர்ட்டைக் கையில் வைத்திருந்தார். நெஞ்சில் இருந்த புலியின் முகம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, ஒரு கண்தான் மிச்சம் இருந்தது. உங்களில் ஒருவர், யாரென்று சொல்ல மாட்டேன், "வெந்நீர்ல ஊற வச்சிருப்பீங்க சார், அப்டித்தான் ஆவும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் தெருவில் இறங்கியதும் எல்லோரும் சிரித்தீர்கள்.

மை காய்வது வேறு, வேவது வேறு. இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தொட்டால் கையில் ஒட்டாத மை காய்ந்த மை. அதற்கு மேல் சரியான சூடு காட்டினால்தான் அது துணியோடு ஒன்றாகும். வேகாத பனியனும் வெந்த பனியனும் கடையில் தொங்கும்போது ஒரே மாதிரிதான் இருக்கும். வாங்குகிறவனால் கண்டுபிடிக்க முடியாது. நமக்கு மட்டும்தான் தெரியும். அப்படித் தெரிந்தே மடித்துப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, பழியை அடுத்தவர் வீட்டுத் தண்ணீர் மேல் போடுகிறீர்கள்.

நீங்கள் அவசரத்திலும் சோம்பலிலும் செய்கிற இந்தக் காரியத்தை, வேண்டுமென்றே செய்யச் சொல்லி ஒரு பெரிய மனிதர் ஒருமுறை எங்கள் பட்டறைக்கு வந்தார். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நான் ஆம்பூரில் கரீம் பாயின் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையில் வேலை செய்தேன். செருப்புப் பெட்டிக்கு லேபிள், தோல் கம்பெனிகளுக்கு அட்டை, பள்ளிகளுக்குக் கொடி என்று எது வந்தாலும் அடிப்போம். பனியனில் படம் போடுவது அப்போதுதான் சூடு பிடித்து வந்தது. நெஞ்சில் மோட்டார் சைக்கிள் வேண்டும், கழுகு வேண்டும், ஏதாவது இங்கிலீஷில் இருக்க வேண்டும் என்று பையன்கள் வருவார்கள். படம் வரைவதும், மை இறங்கும் வலைத் துணியில் அதை ஏற்றி ஸ்கிரீன் தயார் செய்வதும் என் பொறுப்பு. மையை வேகவைக்க பாய் ஒரு தகரப் பீரோவுக்குள் ஹீட்டர் கம்பிகள் வைத்து ஒரு சூட்டுப் பெட்டி செய்து வைத்திருந்தார். வேலூர் வரைக்கும் எங்கள் பனியனுக்கு நல்ல பேர் இருந்தது. கரீம் பாய் நல்ல மனிதர். ஆனால் பயந்தவர். இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாலாற்றங்கரையில் இருந்த ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலைதான் எங்களுக்குப் பெரிய வாடிக்கை. தோல் ஷாப்பு என்றுதான் ஊரில் சொல்வார்கள். அந்த ஷாப்பின் வாலிபால் டீமுக்கு வருடா வருடம் பனியன் அடித்துக் கொடுப்போம். அந்த வருடம் டீம் கேப்டன் பழனி வந்தபோது, அவன் பின்னால் ஒரு பெண்ணும் வந்தாள். பட்டறை வாசலைத் தாண்டாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பழனி ஒரு போட்டோவை மேசை மேல் வைத்தான். டீம் ஆட்கள் கோப்பையோடு நிற்கும் போட்டோ. ஓரத்தில் நின்றவனைக் காட்டினான்.

"முருகேசன்க்கா. இவன் மூஞ்சி பனியன்ல வரணும். பெருசா."

அவன் குரல் கரகரவென்று, தொண்டையில் மண் அடைத்த மாதிரி வந்தது. சளியா என்று கேட்டேன்.

"சளி இல்லக்கா. தொட்டி."

ஷாப்பின் கழிவெல்லாம் போய்ச் சேருகிற தொட்டி அது. அடைத்துக்கொண்டால் ஆளை இறக்கித்தான் அள்ளுவார்கள். முருகேசனை இறக்கியிருக்கிறார்கள். உள்ளே இருந்த விஷக் காற்றில் அவன் ஒரு சத்தமும் போடாமல் சாய்ந்துவிட்டான். மேலே நின்ற பழனி முகத்தில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கியிருக்கிறான். பாதி ஏணியிலேயே அவனுக்கும் நினைவு போய்விட்டது. இடுப்பில் கயிறு கட்டியிருந்ததால் இழுத்துப் போட்டார்கள். முருகேசன் இடுப்பில் கயிறு இல்லை.

"ஆபீஸ்ல இன்னா எழுதினாங்க தெரியுமாக்கா? குடிச்சிட்டு கால் தவறி உள்ள உழுந்துட்டானாம்."

அதுவரை பேசாமல் நின்ற பெண் அப்போதுதான் வாயைத் திறந்தாள். முருகேசனின் மனைவி கன்னியம்மா.

"அவரு குடிக்க மாட்டாரு. எங்கப்பன் குடிப்பான்னுதான், குடிக்காத ஆளா பாத்து நான் கட்டிக்கினேன்."

பனியனில் முகத்துக்குக் கீழே என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். பழனி யோசித்து வைத்திருந்தான்.

"தொட்டியில் ஆளை இறக்காதே. அவ்ளோதான். டீமுக்கு மட்டும் இல்லக்கா, ஷாப்புல எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு கேக்கறாங்க. டோர்னமென்ட் அன்னிக்கு மைதானம் பூரா அவன் மூஞ்சிதான் தெரியணும்."

கரீம் பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்க்காமல் போட்டோவை எடுத்துக்கொண்டேன்.

டிசைன் பற்றிப் பேசச் சொன்னீர்கள், இதோ பேசுகிறேன். அந்தப் போட்டோவில் முருகேசனின் முகம் கட்டை விரல் நகம் அளவுகூட இல்லை. வெள்ளைப் பனியனில் கறுப்பு ஒரே நிறம். எதை வரைவது என்பதைவிட எதை விடுவது என்பதுதான் அங்கே வேலை. நான் ரொம்ப மெனக்கெட்டு, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் வருவதுபோல கம்பீரமாக, வாயை மூடிக்கொண்டு நேராகப் பார்க்கிற ஒரு முகத்தை வரைந்தேன். எனக்குத் திருப்தியாக இருந்தது. கன்னியம்மா வந்து பார்த்தாள்.

"நல்லாகீதுக்கா. ஆனா இது அவரு இல்ல."

"ஏம்மா? மூக்கு, மீசை எல்லாம் போட்டோ மாதிரியே இருக்குதே?"

"போட்டோ புடிக்கிறவன் சிரிக்காதன்னு சொல்லியிருப்பான். அவரு சும்மா இருக்கும்போதே சிரிச்சினுதான் இருப்பாரு. முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து இருக்கும். பெருவிரல் நகம் போவும்னு நான் கேலி பண்ணுவேன்."

சொல்லிவிட்டு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

வரைந்ததைக் கிழித்துப் போட்டேன். சிரிக்கிற முகமாக, பல் சந்தோடு, அவள் சொல்லச் சொல்ல மறுபடி வரைந்தேன். கம்பீரமான முகம் யாருடைய முகமாகவும் இருக்கலாம், யார் செத்தாலும் அதையே ஒட்டலாம். அந்தச் சந்து ஒருவனுக்குத்தான் இருந்தது. இதற்கு மேல் டிசைன் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

ஸ்கிரீன் தயாரான அன்று ஷாப்பு மேனேஜர் கார் வந்து நின்றது. அவர் பட்டறைக்கு வந்ததே அதுதான் முதல் தடவை. நான் உள்ளே இருந்தேன். அவர் கத்தவில்லை, மிரட்டவில்லை. தோளில் கை போடாத குறையாகப் பேசினார்.

"பாய், ஆர்டர் வேணாம்னு சொல்லாதீங்க. சொன்னா வேலூர்ல போய் போட்டுக்குவாங்க. நீங்களே போடுங்க. ஆனா முதல் தண்ணியிலயே போயிடணும். வேர்வை பட்டா ஈஷிக்கணும். புரியுதா? மைதானத்துல நாலு பேரு சிரிக்கட்டும், அதோட அடங்கிடுவானுங்க."

பாய் எதுவோ முணுமுணுத்தார். மேனேஜர் கிளம்பும்போது, "நம்ம லேபிள் வேலை எல்லாம் உங்ககிட்டதான இருக்குது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

கார் போன பிறகு பாய் உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் சூட்டுப் பெட்டியைப் பார்த்துப் பேசினார்.

"ஸ்டெல்லாம்மா, பெட்டி ரிப்பேருன்னு சொல்லிடலாம். வெயில்ல காயவச்சி குடுத்துடுவோம்."

"பாய், செத்தவன் மூஞ்சி பாய் அது."

"எனக்குத் தெரியாதா? அந்த லேபிள் போச்சின்னா இந்தப் பட்டறையே இல்ல. பேஜார் பண்ணாதம்மா."

கையில் இருந்த, மை இழுக்கிற ரப்பர் பலகையைச் சுவரில் வீசினேன். கறுப்பு மை தெறித்து சுவர், காலண்டர், பாயின் வெள்ளைச் சட்டை எல்லாவற்றிலும் பட்டது. பாய் சட்டையைப் பார்த்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

முதலில் எனக்கு வந்த யோசனை, பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவது. இந்தப் பாவத்தில் எனக்குப் பங்கு வேண்டாம், அவ்வளவுதான். ரொம்பச் சுத்தமான யோசனை. நீங்களும் இதைத்தான் செய்வீர்கள், செய்துவிட்டு நாலு பேரிடம் பெருமையாகச் சொல்வீர்கள். ஆனால் நான் போனால் என்ன நடக்கும்? ஸ்கிரீன் தயாராக இருக்கிறது. வேறொரு ஆள் வந்து அடிப்பான், வெயிலில் காயவைப்பான், கட்டிக் கொடுப்பான். முருகேசன் முகம் மைதானத்தில் கறுப்புச் சேறாக வழியும். குடித்துவிட்டு விழுந்தவன் என்று எழுதியது போதாதென்று, பார்க்கிறவர்கள் சிரிக்கவும் சிரிப்பார்கள். என் கை மட்டும் சுத்தமாக இருக்கும். அந்தக் கை எதற்கு?

அதனால் இருந்தேன். பனியன்களை நானே அடித்தேன். அந்த ஸ்கிரீனில் வேறு யாரையும் கை வைக்க விடவில்லை.

அடித்து முடிக்கும் முன்பே ஷாப்பிலிருந்து ஒரு மேஸ்திரி வந்து சூட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் அனுப்பிய காவல். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "நீ பாட்டுக்கு வேலையப் பாரும்மா" என்றார். கயிறுகளில் முருகேசன் வரிசை வரிசையாகத் தொங்கிச் சிரித்துக்கொண்டிருந்தான். மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பிறகுதான் தெரிந்தது, அன்றைக்கு முருகேசனைத் தொட்டிக்குள் இறங்கச் சொன்னவர் அவர்தான்.

மறுநாள் பழனி மூட்டை கட்ட இரண்டு பேரோடு வந்தான். கயிற்றில் தொங்கியதைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. கிட்டப் போய் மையை விரலால் தடவினான். ஒட்டவில்லை.

"சூப்பரா வந்துகீதுக்கா. காஞ்சிடுச்சி. கட்டிடலாமா?"

பாய் கல்லாவில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். மேஸ்திரி என்னையே பார்த்தார்.

ரகசியமாக ஏதாவது செய்ய வழி இருந்ததா என்று நீங்கள் கேட்கலாம். இருந்திருக்கும். மூட்டைக்குள் சீட்டு எழுதி வைத்திருக்கலாம், சாயங்காலம் பழனி வீட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கலாம். எனக்கு ஒளிந்து செய்ய மனம் வரவில்லை. தப்பு செய்கிறவன் ஸ்டூல் போட்டு நடுப்பட்டறையில் உட்கார்ந்திருக்கிறான், நான் எதற்கு ஒளிய வேண்டும்?

"பழனி, கட்டாத. மை காஞ்சிருக்குது, வேகல. இப்ப எடுத்துனு போனா முதல் வேர்வையிலயே போயிடும்."

"ஏ, இன்னா பேசற நீ?" மேஸ்திரி ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"தமிழ்லதான் பேசறேன். வேகல. வேகவைக்கக் கூடாதுன்னு உங்க மேனேஜர் சொல்லியிருக்கிறாரு. அத பாத்துக்கத்தான் நீங்க இங்க உக்காந்திருக்கிறீங்க."

பழனிக்கு முதலில் விளங்கவில்லை. என்னைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், பிறகு பாயைப் பார்த்தான்.

"பாய், பெட்டி ரிப்பேருன்னு நேத்து எங்கிட்ட சொன்னீங்களே?"

தெருவில் ஒரு தோல் வண்டி போயிற்று, அந்தச் சத்தம் முழுவதும் கேட்டது. மேஸ்திரி பாயைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். ஒரே ஒரு 'ஆமா' சொன்னால் பாய் தப்பித்துவிடலாம். லேபிள் வேலை, பட்டறை, வீடு எல்லாம் அந்த ஒரு 'ஆமா'வில் இருந்தது.

பாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரிப்பேர் இல்லப்பா" என்றார். "நல்லாத்தான் இருக்குது."

மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே நடந்தார். பாய் எழுந்துவந்து தானே சுவிட்சைப் போட்டார். கம்பிகள் சிவக்கும் வரை அதன் முன்னாலேயே நின்றார். நான் பனியனை எடுத்துக் கொடுக்க, பாய் அடுக்க, பழனியும் அவன் ஆட்களும் வெந்ததை எடுத்து மடித்தார்கள். அவசரமாகச் செய் என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் உரிய சூட்டைக் கொடுத்தோம். முடிந்ததும் ஒன்றை வாளித் தண்ணீரில் முக்கி, சோப்புப் போட்டு, கல்லில் அடித்துப் பழனியிடம் காட்டினேன். முருகேசன் அப்படியே சிரித்தான். பழனி அந்த ஈரப் பனியனைத் தலைவழியாக மாட்டிக்கொண்டு அப்படியே தெருவில் நடந்து போனான்.

டோர்னமென்ட்டுக்கு நான் போகவில்லை. மேடையில் மேனேஜர் உட்கார்ந்திருந்தாராம், கூட்டத்தில் எங்கே பார்த்தாலும் அந்த முகம்தானாம். வெயிலில் எல்லோரும் தொப்பலாக நனைந்தும் ஒரு கோடு கலையவில்லையாம். எங்கள் டீம் தோற்றுப்போயிற்று. அந்த வாரமே பழனியை வேலையை விட்டு நிறுத்தினார்கள். எங்களுக்கு லேபிள் வேலை நின்றது. பாய் சில மாதம் சமாளித்துப் பார்த்தார். பிறகு ஒருநாள், "உனக்குச் சம்பளம் குடுக்க வழி இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அழுதார். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் கிடையாது. நான் வேலூர் பக்கம் சத்துவாச்சாரியில் ஒரு அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

நல்லது செய்தால் நல்லது நடக்கும் என்று இப்போது நான் சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பழனி கடைசி வரை நிலையான வேலை கிடைக்காமல் லாரியில் மூட்டை ஏற்றினான். ஆபீஸில் எழுதியதை யாரும் திருத்தவில்லை. அங்கே முருகேசன் இன்றைக்கும் குடித்துவிட்டுத்தான் விழுகிறான்.

சத்துவாச்சாரிக்கு வந்து சில மாதம் கழித்து, கன்னியம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். தன் குழந்தையை வேலூர் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, விசாரித்து விசாரித்து வந்திருந்தாள். முருகேசன் போன பிறகு அந்த ஷாப்பிலேயே அவளுக்கு வேலை போட்டுக் கொடுத்திருந்தார்கள், தோல் உலர்த்துகிற வேலை. காப்பி கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு பேசினாள்.

"அக்கா, தொட்டி மறுபடி அடைச்சிக்கிச்சி."

"யார இறக்கினாங்க?" என்று கேட்டேன்.

"மேஸ்திரி வந்து ஆளைக் கூப்புட்டாரு. யாரும் எதுவும் பேசி வச்சிக்கலக்கா, சத்தியமா. பழனி அண்ணன்கூட இல்லியே பேசறதுக்கு. எல்லாருக்கும் இருக்கற நல்ல பனியனே அது ஒண்ணுதான், தெனம் வேலைக்கே போட்டுனு வருவாங்க. அன்னிக்கும் அதத்தான் போட்டுனு இருந்தாங்க. மேஸ்திரி கூப்புட்டதும் எல்லாரும் தொட்டிகிட்ட போய் நின்னாங்க. வரிசையா. எல்லாரு நெஞ்சிலயும் அவரு சிரிக்கறாரு."

"அப்புறம்?"

"ஒருத்தனும் எறங்கல. இல்லன்னும் சொல்லல. சும்மா நின்னாங்க. மேஸ்திரி பேரு சொல்லிச் சொல்லி கூப்புடறாரு, கூப்புட்டுட்டு அந்தாளு மூஞ்சப் பாக்காம நெஞ்சப் பாக்கறாரு. அப்பால அவருக்கே வாய் வரல. மேனேஜர் வந்து சத்தம் போட்டாரு. எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்னாரு. அப்பவும் நின்னாங்க. கடைசில ஆபீஸுக்குள்ள போயி போன் பண்ணாரு."

அத்தனை மாதங்கள், ஆற்றோரக் கிணற்றடிகளில் பார் சோப்பும் கல்லுமாகத் தினமும் அடித்துத் துவைத்த பனியன்கள். ஒன்றிலாவது அந்த முகம் அழிந்திருந்தால், பல் சந்து மங்கியிருந்தால், அன்றைக்கு யாரோ ஒருவன் இறங்கியிருப்பானோ என்னவோ. எனக்குத் தெரியாது.

"போன் பண்ணி?" என்று கேட்டேன்.

"ராணிப்பேட்டைலருந்து லாரில ஒரு மோட்டாரு வந்துச்சி. சேறு இறைக்கிற மோட்டாரு. பெரிய பைப்ப உள்ள உட்டு, பொழுது போறதுக்குள்ள எல்லாத்தையும் உறிஞ்சி எடுத்துட்டாங்க. ஒரு ஆளு எறங்கல. நாங்கெல்லாம் வேலைய உட்டுட்டு பாத்துக்கினே நின்னோம்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நல்ல சேதி கேட்டவள்போல ஏதோ சொல்லப் போனேன். அவள் சிரிக்கவில்லை.

"நான் கிட்ட போயி பாத்தேன்க்கா. புது மோட்டாரு இல்ல அது. பெயின்ட்டு எல்லாம் உரிஞ்சி, துரு புடிச்சி, சக்கரமெல்லாம் தேஞ்சி போயி இருந்துச்சி. ரொம்ப வருஷமா, அவரு எறங்கின அன்னிக்கும், எங்கியோ ஓடிக்கினு இருந்த மோட்டாரு."